மாப்பிள்ளையைப் பிரித்துப் பழகிய ஜன்னலக்காவுக்கு

இரும்பின் இயல்பறிந்த எங்கள் அக்காவே!

தேய்ந்ததைத் தேய்ந்ததென்று சொல்லத் தயங்காதவரே! தெரியாததைத் தெரியாதென்று சொல்ல வெட்கப்படாதவரே! இருபது ஆண்டுகள் உதிரிபாக அறையின் ஜன்னலுக்கு உள்ளே நின்று எங்களுக்கு வேண்டியதை எடுத்துத் தந்து, பதினாறு ஆண்டுகள் ஜன்னலை விட்டு வெளியே வந்து எங்கள் வரிசையில் எங்களோடு நின்று, கைபட்ட கார் எஞ்சின்களையெல்லாம் கண்ணியமாக ஓடவைத்து, இன்று மாலை ஐந்து மணியோடு பணி நிறைவு பெறும் ஜன்னலக்காவே! எஞ்சின் பிரிவின் மற்ற ஐந்து மேசைகளும் எழுந்து நின்று சொல்லும் வணக்கம்.

அழைப்பிதழில் உங்கள் பணிக்காலம் முப்பத்தேழு ஆண்டுகள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். நாங்கள் மேலே சொன்ன இருபதையும் பதினாறையும் கூட்டினால் முப்பத்தாறுதான் வருகிறது. நடுவில் ஒரு வருடம் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தைப் பற்றி இந்தப் பட்டறையில் யாரும் உரக்கப் பேசியதில்லை. இந்த மடல் அதைப் பற்றியது.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் எழுந்து கை கழுவப் போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். போன வருடம் சிறந்த பணியாளர் என்று உங்கள் பேரை அறிவித்தபோது குழாயடியில் பத்து நிமிடம் நின்றீர்கள். கை சுத்தமாகத்தான் இருந்தது. ஆகவே யாரோ ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்வதுபோல, 'அவர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். நீங்களும் யாரையோ பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருங்கள். எங்கள் கண்ணால் கண்டது பாதி. நீங்கள் மேசையில் விட்டுப்போன குறிப்பேடும், உங்கள் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னதும் மீதி.

அவர் வேலைக்கு வந்தபோது வயது இருபத்தொன்று. உதிரிபாக அறைக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். கதவு பூட்டியே இருக்கும். ஜன்னலில் அவர் முகமும் தோளும் மட்டும் தெரியும். அதனால்தான் அந்தப் பேர். எண்ணெய்க் கையோடு ஒருவர் வந்து நின்று, "அதக் குடுங்கக்கா" என்றால், எதை என்று கேட்காமலே எடுத்துத் தருவார். கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் ஒரு திருகைக் கொடுத்து, எந்த வண்டியில் எந்த இடத்துத் திருகு என்று கேட்டுப் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். பந்தயம் கட்டியவர்கள்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார்கள்.

இருபது வருடத்தில் இங்கே பழுது பார்த்த ஒவ்வோர் எஞ்சினின் உறுப்புகளும் அவர் கை வழியாகத்தான் போயின. ஆனால் ஓர் எஞ்சின் முழுதாகி ஓடுவதை அவர் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. சத்தம் மட்டும் ஜன்னல் வழியே உள்ளே வரும். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறார். 'எனக்கு எழுத்தெல்லாம் தெரியும், வாசிக்கத் தெரியாது.'

நாற்பத்தொரு வயதில் அவருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மூன்று மாதத்தில் உதிரிபாக அறையை மூடப் போகிறார்கள். இனி எல்லாம் மையக் கிடங்கிலிருந்து நேரே வரும். அறையில் இருப்பவர் அந்தக் கிடங்குக்கு மாற்றப்படுவார். கிடங்கு பதினான்கு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தது. அவருடைய கணவர் தையற்காரர்; வீட்டின் முன்னறைதான் கடை; தெருவைத் தாண்டினால் அவரை யாருக்கும் தெரியாது. வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைக்கிற தொழில் இல்லை அது. மகள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். போவதென்றால் தனியாகத்தான் போக வேண்டும்.

சுற்றறிக்கை ஒட்டிய பலகையிலேயே இன்னொரு தாளும் இருந்தது. எஞ்சின் பிரிவில் நான்காம் மேசை காலி. பட்டறையில் வேலை பார்க்கும் யாரும் தேர்வுக்கு வரலாம். ஓர் எஞ்சினை இரண்டு நாளுக்குள் முழுதாகப் பிரித்து, அளந்து, மறுபடி கோத்து, அரை மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். தேர்வு நாள், அறை மூடும் அதே வாரம்.

அவர் ஃபோர்மேனிடம் போய்த் தானும் வரலாமா என்று கேட்டார். ஃபோர்மேன் சிரித்துவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. சிரிக்கவில்லை. பட்டறையின் மூலையைக் காட்டி, "மாப்பிள்ளை சும்மாதான ஒக்காந்திருக்காரு. போய்ப் பேசிப் பாருங்க" என்றார்.

வெளியாட்களுக்காக மாப்பிள்ளை யாரென்று சொல்லிவிடுகிறோம். விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து இறக்கி, ஸ்டாண்டில் ஏற்றி வைத்த உபரி எஞ்சின். எந்த வண்டிக்கும் போகாது. ஒரு வேலையும் செய்யாது. வருகிறவர் போகிறவரெல்லாம் துடைத்து, எண்ணெய் விட்டு உபசரிப்பார்கள். வீட்டோடு வந்து உட்கார்ந்த மாப்பிள்ளையைப் போல அதுவும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு கம்மென்று இருக்கும். எஞ்சின் வேலை பழகுகிறவர்கள் அதில்தான் கை வைக்க வேண்டும். கெட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, ஓடினால் யாருக்கும் லாபமில்லை. யார் எந்த வாரம் அதைப் பிரித்தார்கள் என்று மேசை எண்ணைப் பக்கத்துப் பலகையில் எழுதி வைப்பது வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பழகுகிறவர் எல்லாவற்றையும் கோத்து முடித்துக் கை துடைக்கும் நேரத்தில், அவர் பாராதபோது தட்டில் ஒரு திருகைப் போட்டுவிடுவோம். ஒருவர் ஒன்றும் அறியாதவர்போல வந்து, "என்னங்க, ஒண்ணு மிச்சம் கெடக்கு?" என்பார். பழகுகிறவர் முகம் வெளிறிவிடும். உட்கார்ந்து மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பார். நாங்கள் மறைவில் நின்று சிரிப்போம். மிச்சத் திருகு என்று அதற்குப் பேர். இங்கே எல்லாரும் பட்டுத் தெளிந்தவர்கள்தான். அதில் ஒரு பாடம் இருப்பதாக எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். சிரித்த பிறகு சொல்லிக்கொள்கிற காரணம் அது.

அவர் தினமும் வேலை முடிந்து ஒரு மணி நேரமும், ஞாயிறு முழுதும் மாப்பிள்ளையோடு இருந்தார். முதல் தடவை பிரித்தபோது ஒரு தப்பு செய்தார். ஜன்னலுக்குள் இருபது வருடம் இருந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கழற்றியதையெல்லாம் இனம் பிரித்து அடுக்கிவிட்டார். நான்கு பிஸ்டன் ஒரு தட்டில், எட்டு வால்வும் ஒரு பெட்டியில், கிராங்க் என்னும் சுழல்தண்டைத் தாங்கும் ஐந்து மூடிகள் ஒரே வரிசையில். உதிரிபாக அறையில் அதுதான் முறை. ஒரே எண் என்றால் ஒரே பொருள். எதை எடுத்துக் கொடுத்தாலும் சரி. மூடிகளின் மேல் பொறித்திருந்த வரிசை எண்கள் துருவில் மறைந்திருந்தன, அவரும் தேடவில்லை. பார்க்க அழகாக இருந்தது. கோத்து முடித்து மூடிகளை இறுக்கினார். கிராங்க் அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் திருப்பிப் பார்த்தார். கல்லாய் நின்றது.

ஃபோர்மேன் வந்து ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "மூடியக் கலந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஒன்றுபோல இருக்கிறதே, கலந்தால் என்ன என்று இவருக்குப் புரியவில்லை.

அன்று வீட்டில் முன்னறை மேசை மேல் ஒரு சட்டையின் இரண்டு கைகள், தைப்பதற்கு முன், விரித்துக் கிடந்தன. எஞ்சின் கதையைக் கேட்ட தையற்காரர் அந்தத் துணிகளை அவர் பக்கம் தள்ளி வைத்து, "இதுல வலது எது?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான?"

"பாக்குறவங்களுக்கு ஒண்ணுதான். போடுறவனுக்கு இல்ல." துணியைத் திருப்பி ஓரத்தில் இருந்த சுண்ணக்கட்டிக் கோட்டைக் காட்டினார். "நான் என்ன பெரிய ஞாபகசாலியா? வெட்டும்போதே கோடு போட்டுருவேன். அப்புறம் ஒண்ணையும் நெனப்புல வச்சுக்க வேண்டாம்."

ஒரு பெயரில் பிறந்த ஐந்து மூடியும் நான்கு பிஸ்டனும், தாம் நின்ற இடத்துக்கும் ஓடிய துளைக்கும் தக்கபடி தனித்தனியாய்த் தேய்ந்து, தனித்தனிப் பொருளாகிவிடுகின்றன என்பது அன்றுதான் அவருக்கு விளங்கியது. குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்: 'புதியதாக இருக்கும்போதுதான் எல்லாம் ஒன்று. உழைத்த பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்தான் பொருந்தும்.' இதை அவர் பிஸ்டனைப் பற்றித்தான் எழுதினார். நாங்கள் வாசித்தபோது வேறு எதையெல்லாமோ நினைத்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு அவர் ஒரு முரட்டுத் துணி விரிப்போடு வந்தார். தையற்காரர் தைத்துக் கொடுத்தது. அறுபத்து நான்கு பைகள். ஒவ்வொரு பையின் மேலும் நூலால் ஒரு பேர்: பிஸ்டன் மூன்று இடது, மூடி இரண்டு, வால்வு ஐந்து. கடைசிப் பைக்கு மட்டும் பேர் இல்லை. துணி மிச்சமிருந்ததால் தைத்தது. கழற்றியது நேரே தன் பைக்குப் போகும். பொருத்தும்போது பையிலிருந்து நேரே எஞ்சினுக்குப் போகும். எல்லாப் பைகளும் காலியானால் எஞ்சின் முழுமை. அதற்கு மேல் எதையும் நினைவில் வைக்க வேண்டாம்.

முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. "மாப்பிள்ளைக்கு மெத்தை வந்துருச்சு" என்றோம். நான்காம் தடவை மாப்பிள்ளைக்குப் பெட்ரோல் குழாய் மாட்டி முடுக்கியபோது, ஒரு செருமல் செருமிவிட்டு ஓடியது. அவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, சூடு தாங்காமல் போகும் வரை எடுக்காமல் நின்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

மிச்சத் திருகு விளையாட்டில் முதலில் மூன்று தடவை ஏமாந்தவர், விரிப்பை நம்பப் பழகியபின் ஏமாறவில்லை. தட்டில் கிடக்கும் திருகை எடுத்துப் பார்த்து, "இது வைப்பர் மோட்டாரோடது தம்பி, கொண்டுபோய் மாட்டிருங்க, மழை வரப்போவுது" என்பார். அவரை ஏமாற்ற வேண்டுமென்றால் சரியான உறுப்பைச் சரியான பையில் வைக்க வேண்டும். அது யாராலும் ஆகாது என்று பேச்சு வந்தது.

அந்தப் பேச்சு ஒருவர் மனதில் தங்கிவிட்டது. மூன்றாம் மேசைக்காரர். அப்போது அவர் வேலைக்கு வந்து ஐந்து மாதம்; தற்காலிகப் பணியாளர்; வயது முப்பது. பேச்சு குறைவு, கை வேகம், அந்தக் கையின் மேல் கொஞ்சம் கர்வம். தேர்வுக்கு முந்தைய வாரம், அந்தப் பெண்மணி பழகி முடித்த பிறகு, மாப்பிள்ளையைப் பிரித்துப் பழகியவர் இவர். பலகையில் இவர் மேசை எண் இருந்தது.

தேர்வுக்குக் கொடுத்த எஞ்சினும் மாப்பிள்ளையின் வகையைச் சேர்ந்ததே. தேர்வாளர் வெளியிலிருந்து வந்தவர். இரண்டாம் நாள் பன்னிரண்டரை மணிக்கு அந்தப் பெண்மணி கடைசித் திருகை இறுக்கி முடித்தார். இனி ஏற்றி ஓட்டுவதுதான் பாக்கி. ஐந்து மணி வரை நேரம் இருந்தது. வழக்கம்போலக் கை கழுவப் போனார். பத்து நிமிடம் கழித்து வந்து, விரிப்பை மடிக்கும் முன் பைகளை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிஸ்டன் மூன்று இடது என்ற பையில் ஒன்று தட்டுப்பட்டது.

சிறிய கம்பி வளையம். பிஸ்டனையும் அதைக் கிராங்கோடு சேர்க்கும் தண்டையும் இணைக்கும் ஊசி பக்கவாட்டில் நழுவாமல் இரண்டு முனையிலும் பிடித்துக்கொள்வது அதுதான். நான்கு பிஸ்டனுக்கு எட்டு வளையம். ஒன்று குறைந்தாலும் எஞ்சின் முடுக்கியவுடன் ஓடும். அரை மணி நேரம் அழகாக ஓடும். தேர்வாளர் கையெழுத்துப் போடுவார். பிறகு என்றோ ஒரு நாள், எங்கோ ஒரு சாலையில், யாரோ குடும்பத்தோடு போகும்போது ஊசி நகர்ந்து சிலிண்டரைக் கிழித்துவிடும்.

பொருத்தினேனா என்று அவர் யோசித்துப் பார்த்தார். பதினோரு தடவை செய்திருந்ததால் பன்னிரண்டாவது தடவை மட்டும் தனியாக நினைவுக்கு வரவில்லை. எல்லாத் தடவையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. விளையாட்டாக இருக்குமோ என்றும் தோன்றியது. தேர்வு நாளிலுமா விளையாடுவார்கள் என்றும் தோன்றியது. வளையத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அதற்குள் தேர்வாளரும் மேலாளரும் உள்ளே வந்து வாசலருகே நின்றிருந்தார்கள்.

"யாராச்சும் வச்சீங்களா?" என்று கேட்டார். "வச்சிருந்தா சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் இரண்டு நிமிடம் நகர்ந்ததை எங்களில் பலர் பார்த்தோம். பார்ப்பதற்கு வேறு இடம் இல்லாததால் பார்த்தோம். அவர் யார் முகத்தையும் கூர்ந்து பார்க்கவில்லை.

"அப்போ பிரிக்கணும்" என்று ஸ்பேனரை எடுத்தார்.

"மணி ஒண்ணு ஆவுதுக்கா. இப்பப் பிரிச்சா அஞ்சுக்குள்ள முடியாது" என்றார் ஃபோர்மேன்.

"தெரியும். தெரிஞ்சப்புறம் எப்படி மூடி வக்கிறது?"

மேல்பாகத்தைக் கழற்றி, அடித்தொட்டியை இறக்கி, மூன்றாம் பிஸ்டனை வெளியே எடுத்தார். இரண்டு பக்கமும் வளையம் இருந்தது. பை மாறியிருக்கலாம் என்று மற்ற மூன்றையும் எடுத்துப் பார்த்தார். எட்டும் அதனதன் இடத்தில் இருந்தன. கையில் இருந்தது ஒன்பதாவது. அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு பேர் தைக்காத அந்தக் கடைசிப் பையில் போட்டார். கசிவைத் தடுக்கும் புது கேஸ்கட் வாங்கிக்கொண்டு மறுபடி கோக்க உட்கார்ந்தார். அவசரப்படவில்லை. அவர் முடித்தபோது மணி ஆறரை. முதல் முடுக்கிலேயே எஞ்சின் ஓடியது.

தேர்வாளர் நல்லவர், போகாமல் காத்திருந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, "யாராச்சும் இடையில கை வச்சாங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தேர்வு செல்லாது என்று எழுதி, அடுத்த வாரமே மறுபடி வைத்திருப்பார்கள். விசாரித்து, கை வைத்த ஆளை அன்றே வாசலுக்கு வெளியே அனுப்பியிருப்பார்கள். இரண்டும் அவருக்குத் தெரியும்.

"எனக்குச் சந்தேகம் வந்துச்சு சார். பிரிச்சுப் பாத்தேன். அவ்வளவுதான்."

நேரம் கடந்தது என்று தேர்வாளர் எழுதினார். அடுத்த வாய்ப்பு ஒரு வருடம் கழித்து. அந்த வாரக் கடைசியில் அவர் கிடங்குக்கு ரயில் ஏறினார்.

அன்றைய குறிப்பு மூன்று வரி. 'கேட்டேன். சொல்லவில்லை. சொல்ல முடியாத இடத்தில் யாரோ நிற்கிறார்கள்.' அவர் செய்தது சரிதானா என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. மகளுக்கு அன்றே தெரியும். "உங்க நல்ல மனசுக்கு நான் எதுக்கும்மா தனியா இருக்கணும்?" என்று கேட்டாளாம். இன்று முன் வரிசையில் அமர்ந்திருக்கும் அந்த மகளிடமும் சேர்த்துத்தான் இதை வாசிக்கிறோம்.

தையற்காரர் மாதம் ஒரு தபால் அனுப்பினார். உள்ளே கடிதம் இருக்காது; ஒரு துணி நாடா இருக்கும். மகளை நிற்க வைத்து, அவள் உயரத்துக்குச் சரியாக வெட்டியது. கிடங்கில் தான் தங்கிய அறைச் சுவரில் அவர் அவற்றை வரிசையாகத் தொங்கவிட்டார். பன்னிரண்டு நாடாக்கள். முதல் நாடாவுக்கும் கடைசி நாடாவுக்கும் நான்கு விரற்கடை வித்தியாசம். அந்த நான்கு விரற்கடையை அவர் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை.

வேறு யாரும் தேறாததால் நான்காம் மேசை காலியாகவே கிடந்தது. வருடம் முடிந்து வந்து, ஒன்றரை நாளில் தேறி, அங்கே நின்றார். பதினாறு வருடத்தில் இருநூற்றுப் பதினெட்டு எஞ்சின்கள். 'உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது' என்று ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இன்று ஆறு மேசையிலும் பை வைத்த விரிப்புதான். மிச்சத் திருகு விளையாட்டும் அவர் திரும்பி வந்த நாளோடு நின்றுபோயிற்று. யாரும் தடை போடவில்லை. யாருக்கும் கை வரவில்லை.

மூன்றாம் மேசைக்காரர் அவர் பக்கத்திலேயே பதினாறு வருடம் வேலை பார்த்தார். வேலை நிரந்தரமாயிற்று. தனக்குப் புரியாத சத்தம் கேட்டால் அவரை அழைப்பார். அவரும் "என்ன தம்பி" என்று வந்து காது கொடுத்துக் கேட்பார். சொல்ல வாயெடுத்த நாட்கள் உண்டு. சொல்லாமல் விட்டது, திருகு துருவேறி இறுகுவதுபோல, வருடத்துக்கு வருடம் இறுகியது. இனிமேல் திருப்பினால் தலை உடைந்துவிடும் என்ற பயமும் வந்துவிட்டது.

இனி 'அவர்' என்று சொல்லித் தப்ப முடியாது, அக்கா.

போன திங்கட்கிழமை உங்கள் விரிப்பை எடுத்து வந்து மூன்றாம் மேசையில் வைத்தீர்கள். "பையெல்லாம் ஒரு தடவ தடவிப் பாத்து வாங்கிக்குங்க தம்பி. மிச்சம் ஏதாச்சும் இருந்தா அதோட எடத்துல வச்சிருங்க" என்றீர்கள். நீங்கள் போன பிறகு மூன்றாம் மேசைக்காரர் தடவிப் பார்த்தார். அறுபத்து மூன்று பைகள் காலி. பேரில்லாத பையில் அந்த வளையம் இருந்தது. அதில் ஒரு துணிச் சீட்டு கட்டியிருந்தது. உங்கள் கையெழுத்து, மங்கிப்போன மை. 'மாப்பிள்ளையுடையது. மூன்றாம் மேசை வழியாக வந்தது.' கீழே, நீங்கள் கிடங்கிலிருந்து திரும்பி வந்த நாளின் தேதி.

வந்த அன்றே மாப்பிள்ளையைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். மூன்றாம் பிஸ்டனில் ஒரு வளையம் குறைவதைக் கண்டு, அங்கே வேறொன்றை இரவல் வைத்து மூடியிருக்கிறீர்கள். பலகையில் தேர்வுக்கு முந்தைய வாரத்து மேசை எண்ணைப் பார்த்திருக்கிறீர்கள். பதினாறு வருடம் தெரிந்துகொண்டே 'தம்பி' என்று அழைத்திருக்கிறீர்கள்.

மூன்றாம் மேசைக்காரர் நேற்று எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். ஃபோர்மேன் முதலிலேயே ஊகித்திருந்தாராம். மற்ற நாங்களும், அன்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ற முறையில், அவரை ஏச வாயில்லாமல் இருந்தோம். அடுக்குமொழியில் அழகாக எழுதி வைத்திருந்த மடலைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதினோம். இன்று காலை அவர் மாப்பிள்ளையைப் பிரித்தார். மூன்றாம் பிஸ்டனில் இத்தனை வருடமாக இரவலுக்கு நின்ற வளையத்தை எடுத்துவிட்டு, ஒன்பதாவது வளையத்தை அதன் சொந்த இடத்தில் வைத்து மூடினார். ஓட்டிப் பார்த்தோம். ஒரு செருமலும் இல்லை. உங்கள் விரிப்பின் அறுபத்து நான்கு பைகளும் இப்போது காலி.

பொறுமையின் பொருளானவரே! பொருந்தும் இடம் அறிந்து எதையும் சேர்த்தவரே! இனி உங்கள் காலைப் பொழுதுகள் பட்டறைச் சங்கொலி கேட்காமல் விடியட்டும். முன்னறைத் தையல் இயந்திரத்தின் சத்தம் ஒன்றே உங்கள் காதில் விழும் எஞ்சின் சத்தமாகட்டும். கண் தெளிவோடும் கை உறுதியோடும், கணவரோடும் மகளோடும், பிரிந்திருந்த ஒரு வருடத்துக்குப் பல வருடமாகச் சேர்ந்து வாழ்வீராக! எப்போது இந்தப் பக்கம் வந்தாலும் நான்காம் மேசையில் உங்களுக்கு ஒரு முக்காலி இருக்கும். மூலையில் மாப்பிள்ளையும் இருப்பார். அவர் எங்கே போகப்போகிறார்.

பதினேழு வருடத்துக்கு முன் இதே கூடத்தில், இதே மின்விசிறிக்குக் கீழே நின்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். யாராச்சும் வச்சீங்களா என்று. நேரம் கடந்துவிட்டது; ஆனாலும் மூடி வைத்துவிட்டுப் போக முடியவில்லை. எழுந்து கை கழுவப் போவதென்றால் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

நான்தான் வச்சேன், அக்கா.

இப்படிக்கு,
எஞ்சின் பிரிவின் ஐந்து மேசைகள்

எழுதி வாசித்தவர்: மூன்றாம் மேசை